அண்ணாச்சியின் எதிர்த்தரப்பு

அவரிடம் யாராவது ஒரு குறையைக் கொண்டுபோனால், முதல் வேலையாக எதிராளியின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் போவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பார். "இப்ப நான் அவன். ம், சொல்லு" என்பார். அடுத்த பத்து நிமிஷம் நமக்கு அழுகை வராமல் இருந்தால் பெரிய விஷயம்.

நான் மதுரைக்காரி. ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்ய அறுபத்தொன்பதில் ஸ்டுட்கார்ட் போனவள். நகரத்துக்குள் அறை கிடைக்காமல், ரயிலில் அரைமணி தள்ளி ஒரு சின்ன ஊரில் ஒரு விதவைக் கிழவியின் வீட்டு மாடியில் இடம் பிடித்தேன். போன முதல் வாரமே பஸ்ஸில் ஒரு பெண் என் கொண்டையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கம்பளிக் காலுறைக்கு மேல் கிடந்த கொலுசைப் பார்த்தாள். "தமிழா?" என்றாள். நான் தலையை ஆட்டியதுதான் தாமதம், கையைப் பிடித்து இறக்கித் தன் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அவளை அக்கா என்றேன். கடைசிவரைக்கும் அக்காதான்.

அவள் புருஷன்தான் இவர். அன்றைக்கு மாடிப்படியில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் அந்தத் தெற்குப் பக்கத்தில், சுவாபியாவில், 'பெருக்கும் வாரம்' என்று ஒன்று உண்டு. ஒரு பலகையை வாராவாரம் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் மாற்றி மாற்றி மாட்டுவார்கள். பலகை தொங்குகிற வீட்டுக்காரர் அந்த வாரம் படிக்கட்டு, நடைபாதை எல்லாம் பெருக்கித் துடைக்க வேண்டும். "வாங்கம்மா. நம்ம ஊர் முனிசிபாலிட்டியில இப்படி ஒரு பலகை இருந்திருந்தா நான் அஞ்சு வருஷம் தொண்டை வறளக் கத்தியிருக்க வேண்டாம்" என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தையே அதுதான்.

பாளையங்கோட்டையில் பதினோரு வருஷம் வக்கீல். அதில் ஐந்து வருஷம் வார்டு கவுன்சிலர். அக்காவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததும் அவளை முன்னால் அனுப்பிவிட்டு, இருந்த வழக்குகளையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து சேர்ந்தார். இங்கே அவருடைய சட்டப் படிப்பை யாரும் சீந்தவில்லை. அக்கா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை வண்டியில் ஏற்றித் தள்ளுகிற வேலை. அக்காவின் வேலை அனுமதி என்கிற ஒரே ஒரு காகிதத்தில்தான் அந்தக் குடும்பமே நின்றது. அது புதுப்பிக்கப்பட்டால் இருவரும் இருக்கலாம். இல்லையென்றால் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். வருஷா வருஷம் அந்தக் காகிதம் வரும்வரைக்கும் அக்காவுக்குச் சோறு இறங்காது.

தெற்கத்திக்காரர் என்பதால் நான் அவரை அண்ணாச்சி என்றேன். அவருக்கும் அது பிடித்திருந்தது.

என் முதல் வழக்கு கடுகு தாளித்த வழக்கு. கிழவி என் அறைக்கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டாள், வீடு முழுக்க நாறுகிறதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போய், "நாளைக்கே காலி பண்ணப் போறேன் அண்ணாச்சி. இவங்க திங்கிற புளிச்ச கோஸு மட்டும் மணக்குதாக்கும்?" என்று குதித்தேன். அவர் நாற்காலியைத் தூக்கினார். அக்கா அடுப்படியிலிருந்து, "போச்சு, ஆரம்பிச்சிட்டாவ" என்றாள்.

"நான் அந்தக் கிழவி. எம் புருஷன் சண்டைக்குப் போனவன் திரும்பல. இந்த வீடு ஒண்ணுதான் மிச்சம். அவன் இருக்கும்போது மாட்டுன திரைச்சீலையத்தான் இன்னும் துவைச்சுத் துவைச்சு மாட்டுதேன். இப்ப அதுல ஒன் எண்ணெய் வாடை அடிக்கி. நான் என்ன செய்யணும்னு நீயே சொல்லு தாயி."

ஒரு சுவாபியக் கிழவி பாளையங்கோட்டைத் தமிழில் பேசினால் சிரிப்பு வரவேண்டும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சாரி ஆன்ட்டி" என்று அவரிடமே சொல்லித் தொலைத்தேன். மறுநாள் நிஜக் கிழவியிடம் போய்த் திரைச்சீலையைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். ஜன்னலைத் திறந்துவைத்து, மூடிபோட்டு, வாரத்துக்கு மூன்று நாள் தாளித்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த வீட்டில் நான் எட்டு வருஷம் இருந்தேன்.

எல்லா நேரமும் இப்படி ஜெயம் என்று நினைத்துவிடாதீர்கள். பெருக்கும் வாரத்தில் மனுஷர் உற்சாகம் தாங்காமல் பக்கத்து வீட்டு நடைபாதையையும் சேர்த்துப் பெருக்கிவிட்டார். அந்த வீட்டு ஆள் சிவந்துபோய் வந்து, தன்னை ஊரெல்லாம் சோம்பேறி என்று நினைக்கவேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணமா என்று கத்திவிட்டுப் போனார். அண்ணாச்சி உள்ளே வந்து, "அவரு சொல்லுததுல நியாயம் இருக்குல்லா" என்று அக்காவுக்கு அரைமணி நேரம் விளக்கினார். அக்கா, "குனிஞ்சு பெருக்குனது நீங்க. வசவு வாங்குனதும் நீங்க. இப்ப வக்காலத்து அவருக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் ஜெர்மன் பேசினால் கோர்ட் உத்தரவு வாசிக்கிற மாதிரி இருக்கும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நாட்டின் அரசியல் சட்டத்தையும் ஊர் விதிமுறைகளையும் படித்தே அந்த மொழியைக் கற்றவர். ஊர்க்காரர்களோ வாய்க்குள் உருட்டிப் பேசுகிற சுவாபியர்கள். ரொட்டிக் கடையில் இவர் நாலு ரொட்டி கேட்டாலே வரிசையில் நிற்பவர்கள் விறைப்பாக நிமிர்ந்துவிடுவார்கள். அந்த விதிமுறைகளில்தான் ஒருநாள் அவருக்குப் புதையல் கிடைத்தது. நகரசபைக் கூட்டத்தின் கடைசியில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். அதற்குக் குடியுரிமை வேண்டியதில்லை, ஊரில் குடியிருந்தால் போதும். "பாத்தியளா? குடியிருக்கவன் கேக்கலாம்னு போட்டிருக்கான். நான் குடியிருக்கேன்லா!" என்று அந்தப் பக்கத்தை எனக்கும் அக்காவுக்கும் நாலு தடவை வாசித்துக் காட்டினார்.

ஆஸ்பத்திரி எதிரே பஸ் நிற்கிற இடத்தில் சாலையைக் கடப்பது உயிர்ப் பிரச்சினை. ஒரு கொரிய நர்ஸ் கார் மோதிக் கால் முறிந்து கிடந்தாள். அங்கே வெள்ளைக்கோடு போட்டுக் கடக்கும் இடம் வேண்டும் என்று கேட்க அண்ணாச்சி முடிவு செய்தார். நாங்களும் கூடப் போனோம். கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக எழுந்து நின்றார். ஒருவருக்கு மூன்று நிமிஷம்.

இந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? கோடு ஏன் போடக்கூடாது என்று ஆரம்பித்தார். சாலை வளைவு, பார்வைத் தூரம், ஆம்புலன்ஸ் தாமதம், இருநூறு அடி தள்ளி ஏற்கெனவே ஒரு கோடு இருப்பது, எல்லாவற்றையும் அடுக்கினார். கவுன்சிலர்கள் தலையாட்டினார்கள். அதில் மரக்கடை வைத்திருந்த ஒரு தடித்த கவுன்சிலர் குறிப்பே எடுத்தார். 'இனி இதற்கெல்லாம் பதில்' என்று இவர் மூச்சு வாங்கும்போது மணி அடித்துவிட்டது. மேயர், "மிகத் தெளிவாகச் சொன்னீர்கள், நாங்களும் அதே கருத்துத்தான்" என்று நன்றி சொல்லி உட்காரவைத்துவிட்டார்.

 வீட்டுப் படியேறும்போது அக்கா கேட்டாள். "ஊருல எப்படிங்க கேஸ் ஜெயிச்சிய?"

"அங்க மணி கிடையாதுல்லா" என்றார் அண்ணாச்சி, பாவமாக. நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

ஆனால் அடுத்த மாதக் கூட்டத்தில் எதிர்த்தரப்பை முப்பது விநாடியில் முடித்துவிட்டுத் தன் தரப்புக்கு வந்தார். அதற்கடுத்த மாதமும் போனார். மழை ஓய்ந்த ஒரு காலையில் ஆஸ்பத்திரி முன்னால் வெள்ளைக்கோடு கிடந்தது. அன்றிலிருந்து ஊருக்கு அவர் வக்கீலானார். துருக்கிக்காரர், இத்தாலிக்காரர், பென்ஷன் கடிதம் புரியாத உள்ளூர்க் கிழவர்கள் என்று சலவைப் பகுதி வாசலில் சாப்பாட்டு நேரத்தில் ஆள் நிற்கும். வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் எதிர்த்தரப்பு, பிறகு மனு. மரக்கடைக் கவுன்சிலர்கூடத் தன் அண்ணனோடு இருந்த வேலித் தகராறைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி அண்ணனாகிவிட்டார். கவுன்சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், மறுவாரம் திரும்பி வந்தார்.

எனக்கு அவரிடம் ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. அவருடைய தரப்பு என்ன என்று யாருக்கும் தெரியாது. காப்பியா டீயா என்றால், "அவளுக்கு எது தோதோ அது." ஊருக்கு ஒரு தடவை போய்வரக் கூடாதா என்றால், "போனா நல்லதுதான், போகாமலும் இருக்கலாம்." சலவை நீராவியில் கை வெந்துபோய் நின்றபோதும், "மேஸ்திரி என்ன செய்வான், ஆளு பத்தல" என்றார். அக்கா தன் தலைமை நர்ஸோடு சண்டை போட்டு வந்து அழுதால் தலைமை நர்ஸின் நியாயம்தான் முதலில் வரும். "ஒரே ஒரு தடவையாவது எம் பக்கம் மட்டும் பேசுங்களேன்" என்று அவள் கத்தியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கும் அவளோடு சேர்ந்து கத்தவேண்டும்போல் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு இலையுதிர் காலத்தில் அந்தக் கடிதம் வந்தது. அக்காவின் வேலை அனுமதி இந்த வருஷத்தோடு முடிகிறது, இனி நீட்டிக்கப்பட மாட்டாது. உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற பெண்கள் இப்போது போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதித் தரலாம். அக்கா அதை மடித்து, பிரித்து, மடித்து, பிரித்து, கடைசியில் மடிப்பிலேயே கிழித்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் அவள் பெயர் சொன்னால் தெரியாத நோயாளி கிடையாது. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். "இத விட்டுட்டு நான் எங்கன போவேன்? அங்க போனா நான் வெறும் வக்கீல் பொண்டாட்டி" என்றாள் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அண்ணாச்சி மேசையைத் துடைத்தார். நாற்காலியைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் ஆபீசர். சொல்லுங்க அம்மா, ஒப்பந்தம் தற்காலிகம்னு தெரிஞ்சுதான கையெழுத்துப் போட்டிய?"

"ஆமா. ஆனா எட்டு வருஷமா நீட்டிச்சது நீங்கதான. தற்காலிகம் எப்படி எட்டு வருஷம் ஆச்சு?"

"எங்க புள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?"

"வேணும். எங்கிட்டப் பழகுன புள்ளைகதான் அவ்வளவும். போன மாசம் நாலு எடம் காலியா இருந்துச்சி, ஒருத்திகூட வரல."

"ஒங்க நாட்டுல நோயாளி இல்லையா?"

"இருக்காவ. நர்ஸும் இருக்காவ. வேலையில்லாம இருக்காவ."

நான் கைதட்டினேன். அக்கா இவ்வளவு அழகாகப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே முகம் மலர்ந்துவிட்டது. அண்ணாச்சி மேசையைப் பார்த்தபடி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"ஒங்க வீட்டுக்காரர் அங்க வக்கீலு. பதினோரு வருஷம் நின்னு பேசுனவரு. அங்க போனா அவருக்குன்னு ஒரு நாற்காலி உண்டு. அவர எதுக்கு இங்கன அழுக்குத் துணி தள்ள வச்சிருக்கிய?"

  அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

"இது ஆபீசர் கேக்க கேள்வியா?" என்றாள்.

"கேக்கலாம்லா."

"ஆபீசர் கேப்பாரான்னு கேக்கல. நீங்க கேக்கியளா?"

அண்ணாச்சி எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "டீ போடட்டா?" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடவேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் மனசுக்குள் போட்டுப் புதைத்து வைத்ததை எதிராளி வேஷத்தில் வந்து சொல்லிவிட்டுப் போகிறாரே என்று அவர்மேல் கோபம். ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா என்று என்மேலும் கோபம். அக்கா கிழிந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பேச்சை அதற்குப் பிறகு இருவரும் எடுக்கவில்லை. அண்ணாச்சி ஆட்சேப மனு எழுதத் தொடங்கினார். வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம், பதினோரு நாள். ஊரும் சும்மா இருக்கவில்லை. நோயாளிகள் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அக்காவோடு சண்டை போட்ட தலைமை நர்ஸே மூன்று பக்கம் எழுதினாள். மரக்கடைக் கவுன்சிலர் கடை மேசையிலேயே ஒரு தாளை வைத்து, மரம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினார். எனக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் தட்டச்சு இயந்திரம் இருந்ததால், மனுவை அடித்துத் தருகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனாலும் அடிக்க அடிக்க உடம்பு சிலிர்த்தது. அலுவலகம் சொல்லக்கூடியதை எல்லாம் அலுவலகத்தைவிட நன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் மெதுவாக, மரியாதையாக உடைத்திருந்தார். பதினான்காவது பத்தியில் என் விரல் நின்றுவிட்டது. 'மனுதாரரின் கணவர் தம் தொழிலை விட்டு வந்திருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படலாம். அவர் தம் விருப்பத்தின்பேரில் வந்தவர். மனைவியின் வேலை நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. கணவரின் வாதத்திறமை இல்லாமல் அவருடைய ஊர் எதையும் இழந்துவிடவில்லை. ஆகவே இந்தக் காரணத்துக்கு எடை கொடுக்கவேண்டியதில்லை.'

மறுநாள் சலவைப் பகுதி வாசலில் அவரைப் பிடித்தேன். "அண்ணாச்சி, லெட்டர்ல இதை அவங்க கேட்கவே இல்லையே. இந்தப் பாராவை எடுத்துடலாமா?"

"கேட்டாச்சும்மா. வீட்டுல கேட்டாச்சு. பதில் சொல்லாம விடக் கூடாது."

"கேட்டது நீங்கதானே?"

"யாரு கேட்டா என்ன? கேள்வி கேள்விதான்." வண்டியில் விரிப்புகள் குவிந்திருந்தன. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் அந்தப் பத்தியை எடுக்காமல் அடித்துக் கொடுத்தேன். இந்த மனு தோற்றால் அவர் ஊருக்குப் போகலாம், கறுப்புக் கோட்டைக் கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாம். அவர் ஒரு பத்தியைச் சொதப்பியிருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் நானும் வாயைத் திறக்கவில்லை. அக்கா இங்கேயே இருக்கவேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

பிப்ரவரியில் பதில் வந்தது. அலுவலகம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு அனுமதி. நான் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். கவுன்சிலர் ஒரு புட்டி ஒயினை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணாச்சி மத்தியான வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு, பதில் கடிதத்தை இரண்டாம் தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். "நல்லா எழுதியிருக்கான். நம்ம எட்டாவது பத்திய அவன் ஒத்துக்கிடல, பாத்தியளா? அதுல அவன் சொல்லுததும் சரிதான்" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் முன்னால் நின்றாள். நான் அடித்துக் கொடுத்த மனுவின் பிரதி அவள் கையில் இருந்தது. அவளுக்கு ஜெர்மன் நன்றாகவே வாசிக்க வரும். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"ஒண்ணு கேக்கேன். வக்கீலக் கேக்கல, ஆபீசரக் கேக்கல. எம் புருஷனக் கேக்கேன். ஊருக்குப் போவணும்னு ஒங்களுக்கு ஆசை உண்டா, இல்லையா?"

"தீர்ப்பு வந்தாச்சு. அதுக்குப் பொறவு என்ன?"

"உண்டா, இல்லையா?"

அண்ணாச்சி கடிதத்தை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உண்டு" என்றார்.

அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். 'ஆனா' என்று அடுத்த வார்த்தை வரும், மறுதரப்பு வரும், அக்காவுக்காகப் பேசுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. சட்டைப் பொத்தானைக் கடைசிவரை போட்டுவிட்டு, கேசரியை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அந்த அனுமதி முடிகிற நேரம் வந்தது. இந்தத் தடவை நீட்டிப்பதில் சிக்கலே இருக்காது என்று ஆஸ்பத்திரியிலிருந்தே அக்காவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவள் விண்ணப்பம் போடவில்லை.